மூணாவது அட்டெம்ப்ட்ல பாஸான ரிவால்வர்

ரிவால்வரை வாங்கிட்டு அப்புறமா ரூல்புக்கை திறந்த ஆள் நான், அதனால துப்பாக்கி விதிப்படி இருக்கான்னு அளந்து பாக்கற எக்யூப்மென்ட் கன்ட்ரோல்ல ரெண்டு அரியர் வெச்சு மூணாவது தடவைதான் ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு வெளிய வந்தேன். ஐஎஸ்எஸ்எஃப், அதாவது சர்வதேச துப்பாக்கி சுடும் விளையாட்டு சம்மேளனத்தோட விதிப்படி நடக்கற 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் மேட்ச்சுக்கு ரெடியாகறவங்க, அதுலயும் செமி ஆட்டோ வேணாம் ரிவால்வர்தான் வேணும்னு அடம் புடிக்கறவங்க இதை படிச்சிட்டு கடைக்கு போங்க. லைசென்ஸ் விஷயம் உங்க ஊர் சட்டம், அதை முதல்ல முடிச்சிட்டு வாங்க.

சிலபஸ் சின்னதுதான். தோட்டா விட்டம் 7.62ல இருந்து 9.65 மில்லிமீட்டர் வரை, பேரல் 153 மில்லிமீட்டருக்குள்ள, குறி பாக்கற முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல 220க்குள்ள, மொத்த எடை 1400 கிராமுக்குள்ள, ட்ரிகரை இழுக்கற எடை குறைஞ்சது 1000 கிராம். சைட் வெறும் ஓப்பன் சைட்தான், ரெட் டாட் எல்லாம் கிடையாது. இவ்வளவையும் ஒரு சீட்டுல எழுதி பாக்கெட்ல வெச்சுட்டு போயிருந்தா எனக்கு ஒரு வருஷம் மிச்சமாயிருக்கும்.

முதல் ஃபெயில் பேரல்ல. சைட்டுங்களுக்கு நடுவுல தூரம் அதிகமா இருந்தா குறி தப்பறது கண்ணுக்கு நல்லா தெரியும், அது உண்மைதான், அதை மட்டும் கேட்டுட்டு எட்டே கால் இஞ்சுக்கும் மேல பேரல் இருக்கற ஒரு பழைய துப்பாக்கியை ஆசை ஆசையா வாங்கிட்டேன், கேஜ் வெச்சு பாத்த ஜூரி சிரிக்கக்கூட இல்ல, திருப்பி கையில குடுத்துட்டார். 6 இஞ்ச்னா 152.4 மில்லிமீட்டர், அதாவது 153க்குள்ள மயிரிழையில உள்ள வந்துடும், அதனால ரிவால்வர்காரங்களுக்கு 6 இஞ்ச்தான் நம்பர். இதுல நமக்கு ஒரு சலுகையும் இருக்கு, செமி ஆட்டோவுக்கு தோட்டா உக்கார்ற சேம்பரையும் சேத்து அளப்பாங்க, ரிவால்வருக்கு தோட்டா போடற சுத்தற சிலிண்டரை விட்டுட்டு பேரலை மட்டும்தான் அளப்பாங்க.

ரெண்டாவது ஃபெயில்தான் வலிச்சுது. இந்த தடவை 6 இஞ்ச் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கைமாறி வந்தது, தோட்டாவை அடிக்கற ஹாமரை பின்னாடி இழுத்து நிறுத்தி, அதாவது காக் பண்ணி, ட்ரிகரை தொட்டா போதும் வெண்ணெய் மாதிரி விழும், ஆஹா என்ன ட்ரிகர்னு மெச்சிக்கிட்டே போனேன். அங்க எப்படி பாப்பாங்கன்னா பேரலை நேரா மேல பாக்க நிறுத்தி, ஸ்பிரிங் கிஸ்பிரிங் எதுவும் இல்லாத 1000 கிராம் வெயிட்டை ட்ரிகரோட நடுவுல மாட்டி மேஜைல இருந்து தூக்கணும், ஹாமர் விழாம வெயிட் மேல வரணும், மூணு சான்ஸ். எனக்கு மூணும் டப் டப் டப்.

பிரிச்சு பாத்தா முன்னாடி வெச்சிருந்தவர் உள்ள பாலிஷ் போட்டிருக்கார், அது பத்தாதுன்னு கிரிப்புக்கு முன்னாடி கீழ இருக்குமே ஸ்ட்ரெய்ன் ஸ்க்ரூ, அதையும் தளர்த்தி மெயின் ஸ்பிரிங்கை சோம்பேறி ஆக்கி வெச்சிருக்கார். அந்த ஸ்க்ரூவை தளர்த்தினா ட்ரிகர் லேசாகும்தான், ஆனா ஹாமர் அடி பலவீனமாகி தோட்டா வெடிக்காம க்ளிக்னு நிக்கும், ரெண்டு பக்கமும் நஷ்டம். ஸ்க்ரூவை முழுசா இறுக்கி, ஸ்பிரிங் மாத்தி, 1080 கிராம் கிட்ட நிறுத்தினோம். சரியா 1000ல வெக்காதீங்க, ஸ்பிரிங் தேய தேய எடை இறங்கும், மேட்ச் முடிஞ்சப்புறமும் திடீர்னு கூப்பிட்டு செக் பண்ணுவாங்க, அப்ப மாட்டினா அத்தனை ஸ்கோரும் போச்சு.

தோட்டா விஷயத்துல ரெண்டு கட்சி. பாயிண்ட் 32 லாங் கட்சிக்கு உதை கம்மி, மனூரின் எம்ஆர் 32 மாதிரி இதுக்குன்னே பண்ணின ரிவால்வர் இருக்கு. பாயிண்ட் 38 ஸ்பெஷல் கட்சிக்கு துப்பாக்கி சுலபமா கிடைக்கும், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 14 இந்த வேலைக்கே பேர் போனது. நான் 38. பாயிண்ட் 357 மேக்னம் துப்பாக்கில 38 போட்டு சுடலாம், துப்பாக்கிக்கு தடை இல்ல, ஆனா மேக்னம் தோட்டா போடக்கூடாது, குண்டும் ஈயமாத்தான் இருக்கணும், செம்பு உறை போட்டது ஆகாது. எல்லாரும் சுடறது தலை தட்டையான வாட்கட்டர் குண்டு, எடை 148 கிரெய்ன், பேப்பர்ல பன்ச் மெஷின் அடிச்ச மாதிரி ஓட்டை விழும், ஸ்கோர்ல சண்டை வராது. இதே தோட்டாவை தூக்கிட்டு குண்டோட எடையையும் வேகத்தையும் பெருக்கி பவர் ஃபேக்டர்னு கணக்கு பாக்கற ஆக்‌ஷன் மேட்ச்சுக்கு போயிடாதீங்க, 148ஐ நொடிக்கு 700 அடியால பெருக்கி ஆயிரத்தால வகுத்தா 103 சொச்சம், 125 கேக்கற இடத்துல வாசல்லயே நிப்பாட்டிடுவாங்க. எந்த மேட்ச்னு முடிவு பண்ணாம துப்பாக்கி பாக்க போகாதீங்கன்னு நான் கத்தறது இதுக்குத்தான்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686 மாதிரி கனமான ஃப்ரேம் எடுத்தா 6 இஞ்ச்லயே 1250 கிராமை தாண்டும், பெரிய மரக் கிரிப் போடும்போது தராசுல வெச்சு பாருங்க. கிரிப் மணிக்கட்டை தாங்கக்கூடாது, உள்ளங்கைக்கு கீழ வர்ற மேடை கிரிப்போட 90 டிகிரிக்கு கம்மியா கோணம் வெச்சு கையை கவ்வக்கூடாது.

ரூல்புக்ல இல்லாத ஒரு கேள்வியும் இருக்கு, ஹாமர். முதல் 30 ஷாட்ல அஞ்சு ஷாட்டுக்கு அஞ்சு நிமிஷம், காபி குடிச்சிட்டே காக் பண்ணலாம். அடுத்த 30ல டார்கெட் 3 செகண்ட் காட்டும், 7 செகண்ட் மறையும், அந்த 7 செகண்டுக்குள்ள சுடற கையோட கட்டைவிரலாலயே காக் பண்ணி 45 டிகிரி கீழ இறக்கி காத்திருக்கணும். கட்டைவிரல் எட்டறதுக்கு கிரிப்பை விட்டு கை நகருதுன்னா அந்த துப்பாக்கி எவ்வளவு அழகா இருந்தாலும் உங்களுக்கு வேணாம். கடைல காலி துப்பாக்கிய வாங்கி, அவங்க அனுமதியோட, டம்மி ரவுண்டு போட்டு அஞ்சு தடவை தொடர்ந்து காக் பண்ணி பாருங்க, அஞ்சாவது தடவையும் கை அதே இடத்துல இருக்கான்னு கவனிங்க.

இன்னொண்ணு, ஆறு அறை இருந்தாலும் அஞ்சு தோட்டாதான் போடணும், காலி அறை கடைசியா வரணும்.  ஃப்ரெண்டோட கோல்ட் பைத்தான் ரிவால்வரை கடன் வாங்கி பிராக்டிஸ் பண்ணினப்ப காலி அறையை தப்பான இடத்துல விட்டுட்டு, பச்சை லைட் வந்ததும் குறி பாத்து மூச்சடக்கி அழகா ஒரு க்ளிக் சுட்டேன்.