லா பாஸ்ல ஒரு நாள்: 30 பொலிவியானோ வயித்தெரிச்சலும் அரை கிளாஸ் கொசுறும்

காலை, மதியம், சாயங்காலம்னு வரிசையா எழுதணும்னுதான் உக்காந்தேன், ஆனா முதல்ல அந்த டாக்ஸி கதைய சொல்லிடுறேன், இல்லன்னா மனசு ஆறாது.

நாங்க தங்கியிருந்தது பொலிவியா நாட்டு லா பாஸ்ல, சொப்போகாச்சிங்கற ஏரியா. அங்கருந்து சான் பிரான்சிஸ்கோ சர்ச் வரைக்கும் போகணும். இந்த ஊரு டாக்ஸில மீட்டர் கிடையாது, ஏறுறதுக்கு முன்னாடியே பேசிக்கணும். நானும் ஒழுங்கா பேசித்தான் ஏறினேன். "கின்சே"ன்னாரு டிரைவர், அதாவது 15 பொலிவியானோ, இந்த ஊரு காசு. எறங்கி 20 நோட்ட நீட்டினா மீதி தராம இன்னும் பத்து குடுங்கறாரு. "போர் பெர்சோனா"வாம். ஆளுக்கு 15! ஒரே வண்டி, ஒரே சீட்டு, ரெண்டு பேரு உக்காந்தா ரெண்டு மடங்கு பெட்ரோலா குடிக்கும்? எனக்குத் தெரிஞ்ச ஸ்பானிஷ் ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும்தான், அத வச்சு என்னன்னு சண்ட போடுறது. தமிழ்லயே நாலு வார்த்த சொல்லிட்டு 30-ஐ குடுத்துட்டு வந்துட்டேன். 12-ஆல பெருக்கிப் பாத்தா 360 ரூபா. மினிபஸ்ல போயிருந்தா ரெண்டு பேருக்கும் சேத்து பத்துக்குள்ள முடிஞ்சிருக்கும், நம்மூரு ஷேர் ஆட்டோ மாதிரி கதவத் திறந்து வச்சுக்கிட்டு போற எடத்த எல்லாம் ஒருத்தர் கத்திக்கிட்டே வருவாரு, ஏறிக்க வேண்டியதுதான்.

"விடும்மா, இந்த உயரத்துல கோவப்பட்டா தலவலிதான் வரும்"னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. அது உண்மதான். லா பாஸ் ஏறக்குறைய 3,640 மீட்டர்ல இருக்கு. ஊட்டி தொட்டபெட்டாவே 2,637தான்னா யோசிச்சுக்கோங்க. வந்த முதல் நாள் ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சதுக்கே மூச்சு வாங்குச்சு. இதுக்கு சொரோச்சேன்னு பேரு வச்சிருக்காங்க, மருந்து கோக்கா எல டீ. தண்ணியே இங்க 88 டிகிரி கிட்ட கொதிச்சிடுது, அதனால எந்த டீயும் எனக்கு நாக்குல சுட்ட மாதிரியே இல்ல. டீ, காப்பி விஷயத்துல இந்த ஊருக்கு என்கிட்ட மார்க்கு கிடையாது.

காலைல சால்தேனா. நம்ம சோமாசிய கொஞ்சம் குண்டாக்கி, ஓரத்த சடை மாதிரி பின்னி, பொரிக்காம சுட்டு எடுத்த மாதிரி இருக்கும். உள்ள கறி, உருளக்கெழங்கு, பட்டாணி, அதோட தளதளன்னு குழம்பு. குழம்ப ஜெலட்டின் போட்டு கட்டியாக்கி உள்ள வச்சிடுறாங்க, அடுப்புல போனதும் அது உருகிடுது. இது தெரியாம நடுவுல கடிச்சேன், குழம்பு முழங்கை வரைக்கும் ஓடிருச்சு. பக்கத்துல நின்ன ஒரு அம்மா சிரிச்சுக்கிட்டே ஒரு முனைய மட்டும் கடிச்சு உறிஞ்சிக் காட்டுனாங்க. இது காலை சாப்பாடு, மதியத்துக்கு மேல தேடாதீங்க.

சர்ச்சுக்குப் பின்னாடி ஏறுனா மந்திரவாதிங்க மார்க்கெட். காய வச்ச லாமா குட்டி கரு வாசல்ல கொத்தாத் தொங்குது, எனக்கு ஒரு நிமிஷம் ஒரு மாதிரி ஆயிருச்சு. புது வீடு கட்டும்போது அஸ்திவாரத்துல அதப் பொதச்சு பாச்சமாமாவுக்கு, அதாவது பூமித்தாய்க்கு, படைப்பாங்களாம். நம்ம நவதானியம் போடுறோம்ல, அந்தக் கணக்குதான். மத்தபடி பாதிக் கடை எங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தான். ஒரே ஸ்வெட்டர் நாலு கடைல நாலு வெல. அடுத்து பிளாசா முரியோங்கற சதுக்கம். அங்க பார்லிமெண்ட் கட்டடத்து கடிகாரத்த 2014-ல தலகீழா, வலமிருந்து இடமா சுத்துற மாதிரி மாத்திட்டாங்க. நாங்க தெற்குல இருக்கோம், எங்க கடிகாரம் எதுக்கு வடக்க இருக்கிறவங்க கடிகாரம் மாதிரி சுத்தணும்னு கேட்டாங்களாம். நல்ல கேள்விதான். ஆனா புறாவும் கடிகாரமும் பாக்க பத்து நிமிஷம் போதும்.

இப்ப கேபிள் கார். இத பத்தி எழுதாம எங்க போறது! இங்க இது டூரிஸ்ட் சமாச்சாரமே இல்ல, நம்ம ஊரு எலக்ட்ரிக் ட்ரெயின் மாதிரி ஆபீஸ் போறவங்க, ஸ்கூல் பசங்க, மூட்ட வச்சிருக்கிற பாட்டிங்க எல்லாரும் இதுலதான் போறாங்க. 2014-ல சிவப்பு, மஞ்சள், பச்சைனு கொடி கலர்ல மூணு லைன்ல ஆரம்பிச்சு இப்ப பத்து லைன். நாங்க போனப்ப டிக்கெட் வெறும் மூணு பொலிவியானோ. மூணு! அந்த டாக்ஸி காசுக்கு நான் பத்து தடவ வானத்துல போயிருப்பேன். சிவப்பு லைன் கல்லறைக்கு மேல போகுது, மாடி மாடியா அலமாரி மாதிரி கண்ணாடிக் கதவு போட்ட கல்லறைங்க, உள்ள பூவு, குட்டி பாட்டிலு. அதத் தாண்டினதும் செங்குத்தா தூக்கிக்கிட்டு மேல இருக்கிற எல் ஆல்தோ ஊருக்குப் போகுது. திரும்பிப் பாத்தா கிண்ணத்துல கொட்டி வச்ச மாதிரி மொத்த ஊரும், அதுக்குப் பின்னாடி 6,438 மீட்டர் இல்லிமானி பனியோட. இவரு வாயத் தொறக்கல, நானும் தொறக்கல, எதிர்ல இருந்த பொண்ணு மட்டும் போன நோண்டிக்கிட்டே வந்துச்சு.

இங்க பணக்காரங்க கீழ, குளிர் கம்மியான பள்ளத்துல. ஏழைங்க மேல, 4,000 மீட்டருக்கும் மேல. ஆனா அந்த மேல இருக்கிற எல் ஆல்தோலதான் ஃப்ரெடி மாமானி வடிவமைச்ச கலர் கலர் மாளிகைங்க நடுநடுவுல நிக்குது. நாங்க போனது வியாழக்கிழமை, சந்தை நாள் (ஞாயித்துக்கெழமையும் உண்டு). பழைய துணி, கார் பார்ட்ஸ், எதக் கேட்டாலும் இருக்கு. பைய முன்னாடி மாட்டிக்கோங்க.

மதியம் கீழ வந்து லான்சா மார்க்கெட்ல சோப்பா தெ மணி. நிலக்கடலை சூப்பு! வறுக்காத பச்சக் கடலைய அரச்சு விட்டு, கறி எலும்பு, உருளக்கெழங்கு போட்டு, மேல பொரிச்ச உருள தூவிக் குடுத்தாங்க. எங்க பண்ருட்டி பக்கம் மல்லாட்டன்னுதான் சொல்லுவோம், மணிலாக்கொட்டதான் அப்படித் திரிஞ்சுதுன்னு சொல்லுவாங்க. ஆனா அதோட பூர்வீகம் மணிலா இல்ல, இந்த பொலிவியாவோட தெற்குப் பக்கமும் அர்ஜென்டினா வடக்கும்தான். பொறந்து வளந்த காலத்துலருந்து அவிச்சும் வறுத்தும் சட்னியுமா தின்னுருக்கேன், ஒருநாளும் சூப்பா குடிக்கலாம்னு தோணலையே! தொட்டுக்க ல்யாஹ்வா, லொகோத்தோ மிளகாவும் தக்காளியும் கல்லுல அரச்சது. கல்லு நம்ம அம்மிதான், ஆனா குழவி அரை நெலா மாதிரி, உருட்டாம ஊஞ்சல் மாதிரி ஆட்டுறாங்க. ரெண்டு வாரமா உப்புசப்பில்லாம தின்ன நாக்குக்கு உயிர் வந்துச்சு.

இவரு சைவம். அவருக்குக் கெடச்சது சுன்யோ. ராத்திரி பனில உருளக்கெழங்க உறைய விட்டு, கால்ல மிதிச்சு தண்ணிய எடுத்து, வெயில்ல காயப்போட்ட வத்தல். வருஷக்கணக்கா கெடாதாம். பாக்க கூழாங்கல்லு, தின்னா ஈரமான கார்க்கு. "வித்தியாசமா இருக்கு"ன்னாரு, எங்க வீட்டுல அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்.

சாயங்காலம் குளிர் எறங்குனதும் ஆப்பி. ஊதா சோளத்த பட்ட, கிராம்பு போட்டுக் காச்சின கூழு, கூடவே பூரி மாதிரி உப்பி உள்ள சீஸ் வச்ச பாஸ்தெல். சைவம், சூடு, மலிவு, மூணும் ஒரே எடத்துல, இவரு மொகத்தப் பாக்கணுமே. கிளாஸ் காலியானதும் அந்தக் கடை அக்கா கேக்காமலே அரை கிளாஸ் ஊத்துனாங்க. "யாப்பா"ன்னாங்க. காசு எவ்ளோன்னு பதறிப்போய் கேட்டேன், காலைல பட்டது அப்படி. சிரிச்சிட்டு வேணாம்னு கையாட்டுனாங்க. கொசுறுங்க! கறிவேப்பில கொத்தமல்லி மாதிரி கொசுறு.

திரும்பும்போது ஹோட்டல் வரைக்கும் ஏத்தம். ஒரு டாக்ஸி பக்கத்துல வந்து ஹாரன் அடிச்சு நின்னுச்சு, இவரு என்னப் பாத்தாரு. நான் நடந்தேன். அஞ்சு எடத்துல நின்னு மூச்சு வாங்கி, முக்கா மணி நேரம் ஆச்சு.