சிறுத்துப்போன எழுத்து

பில் எழுதும்போதுதான் கவனித்தேன். "கேற் பிணைச்சல் இரண்டு" என்று தொடங்கிய அண்ணனின் எழுத்து, வரி முடிவதற்குள் எறும்பளவுக்குச் சிறுத்துவிட்டது.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் முப்பது வருடமாக வெல்டிங் செய்கிறார். முன்பெல்லாம் முத்து முத்தாக எழுதுவார்.

"கை கொஞ்சம் இறுகுகிறது தம்பி, வயதுதானே" என்றார்.

வயதாகவே இருக்கலாம். ஆனால் ஜன்னல் இல்லாத அந்த அறையில் நீலப் புகை இன்னும் கலையவில்லை.

உருக்கை ஒட்டும் கம்பியில் மாங்கனீசு என்ற உலோகம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அந்தப் புகையைச் சுவாசித்தால், மூளையில் அசைவை ஆளும் பகுதியில் அது படியக்கூடும். நடை தடுமாறும், முகம் இறுகும், எழுத்துச் சுருங்கும். பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் போலவே தோன்றும். ஆனால் அதற்குரிய லெவோடோபா மாத்திரை பெரும்பாலும் பலன் தராது.

மாங்கனீசு அரைத்த தொழிலாளரிடம் இதைக் கண்டு, ஸ்கொட்லாந்தில் கூப்பர் என்ற மருத்துவர் 1837இலேயே எழுதிவைத்துவிட்டார். 1837! இன்றும் நம் பட்டறைகளில் மூக்குக்கு ஒரு கைக்குட்டைதான். துணி இந்தப் புகையைத் தடுக்காது.

"நரம்பியல் கிளினிக்குக்குப் போங்கள் அண்ணா. என்ன தொழில் என்பதையும் டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்."

தலையாட்டினார். உள்ளே அவர் மகன் அடுத்த கேற்றைப் பற்றவைக்கத் தொடங்கியிருந்தான்.