ஆம்ப் பூட்டிய பிறகு வந்த இரைச்சல்: எர்த்திலிருந்து செட் வரை

கூத்து கேட்பதற்காகத்தான் காருக்கு ஆம்ப்ளிபயர் பூட்டினேன். எங்கள் ஊரில் ஆடிய வடமோடிக் கூத்துகள் சிலவற்றை அப்பா கசட்டில் பதிந்து வைத்திருந்தார். அவற்றை போனுக்கு மாற்றிக் காரில் போட்டால் சல்லாரி என்ற கைத்தாளம் மட்டும் கணீரென்று கேட்கும். மத்தளத்தில் அடித்தொனி தரும் தொப்பிப் பக்கம் கேட்கவே கேட்காது. அதனால் மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் நாலு சனல் ஆம்ப் ஒன்றும் சின்ன சப் வூபர் ஒன்றும் பூட்டுவித்தேன். கார் டொயோட்டா கொரோலா 121, ஆம்ப் இருப்பது டிக்கிக்குள்.

என்ஜின் ஓடாதபோது சத்தம் அருமை. ஸ்டார்ட் பண்ணியதும் ‘வீஈஈ’ என்று ஓர் இரைச்சல். அக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் ஏறும், காலை எடுத்தால் இறங்கும். சினிமாப் பாட்டைச் சத்தமாகப் போட்டால் அது அமுங்கிவிடும். கூத்தில் அப்படியில்லை. கூத்தை நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தி, ஆள் வசனம் பேசத் தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் அது முன்னுக்கு வந்து நிற்கும். அப்பாவின் குரலும் எங்கோ ஓரத்தில் பதிவாகியிருக்கும் கசட் அது. அந்த இரைச்சலோடு கேட்க எனக்கு மனமில்லை.

கடையில் சொன்னபோது, “ஆர்சிஏ வயரில் ஒரு பில்டர் போட்டால் சரி” என்றார்கள். ஆர்சிஏ என்பது காரின் பாட்டுச் செட்டிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டு போகும் வயர். பில்டர் என்ற அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருப்பது இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர். மலிவானவை இரைச்சலோடு அடித்தொனியையும் சேர்த்துத் தின்றுவிடும். மத்தளத்துக்காக ஆம்ப் பூட்டிவிட்டு மத்தளத்தையே வெட்டும் பெட்டியை ஏன் வாங்க வேண்டும்? வேறொருவர், என்ஜின் ஓடும்போது பெட்டரியைச் சார்ஜ் பண்ணும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்றார். மல்டிமீட்டர் இருந்தால் அதை உடனேயே பார்த்துவிடலாம். பெட்டரியில் என்ஜின் ஓடாமல் 12.6 வோல்ட், ஓடும்போது 14.1. மீட்டரை ஏசி பக்கம் திருப்பினால் மிகச் சொற்பம்தான் காட்டியது. ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோட் பழுதானால் அது அரை வோல்ட்டைத் தாண்டும் என்பார்கள். ஆக ஆல்டர்னேட்டர் நல்லாகத்தான் இருந்தது. அதிலிருந்து வரும் சிற்றலை, அதாவது வோல்ட்டின் சின்ன ஏற்ற இறக்கம், எந்தக் காரிலும் உண்டு. அது எந்த வழியால் பாட்டுக்குள் நுழைகிறது என்பதைத்தான் தேட வேண்டும்.

முதலில் எர்த், அதாவது ஆம்ப்பின் கரண்ட் காரின் உடம்பு வழியாகப் பெட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. டிக்கியின் ஓரத் தகட்டில், பெயின்டுக்கு மேலேயே ஒரு ஸ்க்ரூ அடித்து எர்த் வயரைக் கட்டியிருந்தார்கள். மீட்டரை ஓம் பக்கம் வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்டப் பூச்சியம்தான் காட்டும், அதை நம்பக் கூடாது. மீட்டரின் சொந்த வயருக்கே 0.2 ஓம் வரை இருக்கும். நாம் தேடுவதோ அதைவிடச் சின்ன எண். 0.03 ஓம் தடை இருந்து 30 அம்பியர் ஓடினாலே 0.9 வோல்ட் அங்கே நின்றுவிடும். ஆகவே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். நீளமான வயர் ஒன்றை பெட்டரியின் மைனஸிலிருந்து டிக்கி வரை இழுத்து, அதற்கும் ஆம்ப்பின் எர்த் முனைக்கும் இடையில் டிசி வோல்ட் பார்த்தேன். என்ஜின் ஓட, மத்தளம் அதிர, மீட்டர் ஒரு வோல்ட்டைத் தாண்டியது. நல்ல எர்த்தில் அது 0.1க்குள் இருக்க வேண்டும்.

இடத்தை மாற்றினேன். தடித்த தகடுள்ள இடமாகத் தேர்ந்து, கீழே எரிபொருள் டாங்கோ பைப்போ இல்லை என்று குனிந்து பார்த்த பிறகே துளை போட்டேன். சாண்ட் பேப்பரால் பெயின்டை முழுக்க உரசி, வெள்ளைத் தகடு தெரிந்ததும் வயர் முனையில் இருக்கும் லக்கை வைத்து, பல் வாசரோடு போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கும் ஊர் இது. கல்லடி, நாவலடிப் பக்கம் திறந்த தகட்டை அப்படியே விட்டால் துரு பிடிக்க நாளெடுக்காது. பழைய வயரையும் எறிந்தேன். வெளியே தடிப்பாக இருந்தாலும் உள்ளே செம்பு முலாம் பூசிய அலுமினியம். இழையைச் சுரண்டினால் வெள்ளி நிறம் வரும். அதே தடிப்பில் அலுமினியம் கடத்துவது செம்பு கடத்துவதில் அறுபது சதவீதமளவுதான். சுத்தச் செம்பு வயர் போட்டு மீண்டும் அளந்தேன், 0.06.

இரைச்சல் பாதியாகக் குறைந்தது. போகவில்லை. எர்த் சரியென்று மீட்டர் சொல்லும்போது மிச்சம் எங்கிருந்து வருகிறது?

ஆம்ப்பை ஓஃப் பண்ணி, அதிலிருந்த ஆர்சிஏ வயர்களைக் கழற்றிவிட்டு மறுபடி ஓன் பண்ணினேன். முழு அமைதி. அப்படியென்றால் இரைச்சல் ஆர்சிஏ வழியாகத்தான் வருகிறது. போனை நேராக ஆம்ப்பில் கொடுத்துப் பார்த்தேன், சார்ஜரில் குத்தாமல். அதுவும் சுத்தம். அடுத்து, பவர் வயர் போகும் பக்கமாகவே ஆர்சிஏயும் போகிறதே என்று, புது ஆர்சிஏ ஒன்றை சீட்டுகளுக்கு மேலால் எறிந்து செட்டில் குத்தினேன். இரைச்சல் அப்படியே இருந்தது. ஆக வயர் போன பாதையில் குற்றமில்லை. மிஞ்சியது செட் மட்டும்.

செட்டைக் கழற்றி, ஆர்சிஏ துளையின் வெளி வளையத்துக்கும் செட்டின் இரும்பு உடம்புக்கும் இடையே மீட்டரால் தொடர்பு பார்த்தேன். ‘பீப்’ வரவில்லை. என் செட்டில் வர வேண்டும். மெல்லிய வயர் ஒன்றை அந்த வளையத்தில் சுற்றி, மறுமுனையை உடம்பில் தொட்டதும் இரைச்சல் நின்றது. என்ஜினை உறுமவிட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. வாயில் வந்த சந்தோஷத்தை அடக்க முடியவில்லை.

அந்தச் செட்டைக் காத்தான்குடியில் ரேடியோ திருத்தும் ஒரு காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கொண்டு போனேன். மூடியைத் திறந்து, பூதக்கண்ணாடியால் பார்த்துக் காட்டினார். ஆர்சிஏயின் எர்த் போகும் வழியில் அரிசியை விடச் சின்னதாக ஒரு பியூஸ் கருகியிருந்தது.

“எர்த் சரியில்லாட்டி ஆம்ப்புக்குப் போற கரண்ட் திரும்புறதுக்கு வழி தேடும் தம்பி. ஆர்சிஏ வயர்தான் அதுக்குக் கிடைச்ச வழி. மறுகா இந்தச் சின்னச் சாமான் எப்படித் தாங்கும்?” என்றார்.

அப்போதுதான் எல்லாம் பொருந்தியது. டிக்கியில் இருந்த கெட்ட எர்த் செட்டுக்குள் இருந்த எர்த்தையும் எரித்திருக்கிறது. முதலாவதைத் திருத்தியதால் இரண்டாவது தானாகச் சரியாகாது. எர்த்தைத் திருத்தியும் இரைச்சல் மிஞ்சினால், பில்டர் வாங்கும் முன் இந்த ஒரு தொடர்பைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஆம்ப் ஓனில் இருக்கும்போது ஆர்சிஏயைக் கழற்றிப் பூட்டினாலும் இது எரியலாம் என்றும் காக்கா சொன்னார்.

அளந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி வாசித்துவிட்டு மறுபேச்சில்லாமல் செட் திருத்திய காசையும் செம்பு வயரின் காசையும் தந்தார். பெட்டரிக்குக் கிட்ட பியூஸ் இல்லாமல் இருந்ததையும் காட்டினேன். ஓரடிக்குள் ஒன்று போட்டுத் தந்தார்கள். அது சத்தத்துக்காக அல்ல, வயர் எங்காவது உரசித் தகட்டில் பட்டால் தீப்பிடிக்காமல் இருக்க.

கடைசியாக மிஞ்சியது, சாவியைத் திருப்பும்போது ஸ்பீக்கரில் வரும் ‘டொப்’. ஆம்ப்பை எழுப்பும் ரிமோட் வயரைச் சாவியோடு வரும் லைனில் கட்டியிருந்தார்கள். செட் விழிக்கும் முன்பே ஆம்ப் விழித்துவிட்டால், செட் விழிக்கும் சத்தத்தையும் அது பெருக்கிக் கொடுக்கும். அதைச் செட்டின் பின்னால் வரும் வெள்ளைக் கோடு போட்ட நீல வயருக்கு மாற்றினேன். அதுவும் நின்றுவிட்டது.