பல்கலைக்கழக வண்டியும் பின்இருக்கைக்காரரின் கையெழுத்தும்

பல்கலைக்கழகங்களின் வாகன விதிகளை எடுத்துப் படித்தால், அவற்றில் பெரும்பகுதி ஓட்டுநரை நோக்கியே எழுதப்பட்டிருக்கும். மது அருந்தக் கூடாது, கைப்பேசியில் பேசக் கூடாது, வண்டியைத் துடைத்து வைக்க வேண்டும், சாவியை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் மதுரையை அடுத்த ஒரு பல்கலைக்கழகத்தின் வாகனப் பிரிவுக் கோப்புகளோடு பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்டி எங்கே போவது, எங்கே நிற்பது, யாரை ஏற்றுவது என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் பின்இருக்கையில் இருக்கிறார். தணிக்கைத் தடை, அதாவது கணக்கைச் சரிபார்ப்பவர்களின் ஆட்சேபம், வந்தால் விளக்கம் கேட்கப்படுபவர் மட்டும் முன்இருக்கையில் இருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை லாக் புக் என்னும் பயணப் பதிவு நோட்டு. தேதி, புறப்பட்ட நேரம், புறப்படும்போது மீட்டர் காட்டிய கிலோமீட்டர், சென்ற இடம், காரணம், திரும்பிய நேரம், முடிவுக் கிலோமீட்டர், நிரப்பிய டீசல், பயணித்த அலுவலரின் கையெழுத்து என்று கட்டங்கள் இவ்வளவுதான். இதைக் கடினமான வேலை என்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் மாதக் கடைசியில் நோட்டைத் திறந்து பார்த்தால், அந்த மாதத்துப் பயணங்கள் அனைத்துக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அவசரத்தில் போட்ட கையெழுத்துகள் வரிசையாக நிற்கும். ஓட்டுநர் நோட்டைத் தூக்கிக்கொண்டு துறைத்தலைவர் அறைக்கு வெளியே காத்திருந்து ஒரே மூச்சில் வாங்கி வந்தவை அவை. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையிலிருந்து வருபவர்களுக்கு இது பார்த்தவுடனே தெரியும். நேற்றைய முடிவுக் கிலோமீட்டரும் இன்றைய தொடக்கக் கிலோமீட்டரும் பொருந்துகின்றனவா என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள். பொருந்தாத இடத்தில் வண்டி இரவில் எங்கோ போய் வந்திருக்கிறது, அல்லது ஷெட்டிலிருந்து அதிகாரியின் வீட்டுக்குப் போன ஓட்டத்தை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். பின்னது குற்றமன்று, ஆனால் எழுதாமல் விட்டதால் குற்றம்போல் நிற்கும்.

காரணம் என்ற கட்டத்தில் ‘அலுவலகப் பணி’ என்று எழுதுவதை நான் எப்போதும் மறுத்து வந்தேன். உசிலம்பட்டிக் கல்லூரிக்கு வினாத்தாள் கட்டு, பெரியகுளத்தில் தேர்வுப் பறக்கும் படை, திண்டுக்கல்லில் இணைப்புக் கல்லூரி ஆய்வுக் குழு என்று எழுதினால்தான் அந்தப் பயணம் வேறொரு கோப்பில் உள்ள ஆணையோடு பொருந்தும். இப்போது இன்னொரு சாட்சியும் சேர்ந்திருக்கிறது. சிவகாசிப் பக்கம் போகும் வண்டி கப்பலூர் சுங்கச்சாவடியைக் கடந்தால், எந்த நேரத்தில் கடந்தது என்பதை ஃபாஸ்டேக் கணக்கு சொல்லிவிடும். திருச்சி சாலையில் சிட்டம்பட்டியும் அப்படியே. லாக் புக்கில் காலை பத்து மணி என்றும் ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியில் பிற்பகல் மூன்று மணி என்றும் இருந்தால், எதை நம்புவது என்று தணிக்கையாளரிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

மீட்டர் ஓடவில்லை என்பது எந்த வாகனப் பிரிவிலும் காதில் விழக் கூடாத சொல். மீட்டர் நின்றுபோன வண்டியை உத்தேசக் கிலோமீட்டர் எழுதி ஓட்டத் தொடங்கினால், டீசல் கணக்கு முழுவதும் கதையாகிவிடும். பழுது நீங்கும் வரை அந்த வண்டி வெளியே போகக் கூடாது என்று விதியில் வெளிப்படையாக எழுதிவைப்பது நல்லது. அதேபோல, டேங்கை முழுக்க நிரப்பி, ஓடி, மறுபடி முழுக்க நிரப்பி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கிறது என்று அவ்வப்போது பார்த்துக் குறித்துவைத்தால், இன்ஜெக்டர் கோளாறையும் டீசல் களவையும் ஒரே சோதனையில் கண்டுகொள்ளலாம்.

சொந்த உபயோகத்துக்கு வருவோம். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் நாளையொட்டி வாகனப் பிரிவுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். வெளியூரிலிருந்து வரும் கல்வியாளரை அழைத்து வர என்றுதான் எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். வண்டி கோரிப்பாளையத்துப் பக்கம் தடுப்புக்கு முன்னால் குடும்பத்தோடு நிற்கும். முகூர்த்த நாள்களின் கதையும் வேறன்று. இவற்றைவிடச் சிக்கலானது வழியில் ஏற்றிக்கொள்வது. “தம்பி, அப்படியே மாட்டுத்தாவணியில வீட்டம்மாவ ஏத்திக்கிட்டுப் போயிரலாம்” என்று பேராசிரியர் சொன்னால், தினக்கூலியில் இருக்கும் ஓட்டுநர் “சரிங்க சார்” என்பதைத் தவிர வேறென்ன சொல்லிவிட முடியும்? விதி அவரைத் தண்டிக்கும் விதமாக இருப்பதில் நியாயம் இல்லை.

இதில் காப்பீடும் சிக்கிக்கொண்டிருப்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 146ஆம் பிரிவில் கட்டாயமாக்கியிருப்பது, வண்டியால் பாதிக்கப்படும் வெளியாருக்கான மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. அந்தக் காப்பீடு மட்டும் உள்ள காரில் இலவசமாக ஏறிக்கொண்டவருக்கு விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்காது. முழுமையான பாலிசி இருந்தால்தான் உள்ளே இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. ‘அரசு வண்டிதானே, இன்சூரன்ஸ் எதற்கு’ என்று பேசுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பிரிவு தரும் விலக்கு மத்திய, மாநில அரசுகளுக்குச் சொந்தமாகி வணிகமல்லாத பணிக்கு ஓடும் வண்டிகளுக்கு உரியது. பல்கலைக்கழகம் தனிச் சட்டத்தால் அமைந்த தன்னாட்சி நிறுவனம். அந்த விலக்கு அதற்குத் தானாக வந்து சேராது. காப்பீடு ஒரு நாள் காலாவதியாகி, அந்த நாளில் விபத்து நடந்தால், தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு முழுவதையும் பல்கலைக்கழக நிதியிலிருந்து கட்ட வேண்டும். கட்டத் தாமதமானால் என்ன ஆகும் என்பதை, நீதிமன்ற ஊழியர்கள் அரசுப் பேருந்தை ஜப்தி செய்யும் செய்திகளை அடிக்கடி படிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பேருந்துக்கு வேறு கணக்கு. மாணவர்களையும் பணியாளர்களையும் மட்டும் ஏற்றிச் செல்லும் கல்வி நிறுவனப் பேருந்தைச் சட்டம் போக்குவரத்து வாகனம் என்றே வகைப்படுத்துகிறது. ஆகவே எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று கட்டாயம், எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஓட்டுநரின் உரிமமும் அந்த வகைக்கு உரியதாக இருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதன் ஆயுள் ஐந்து ஆண்டு. கார் உரிமம் மட்டும் உள்ள ஒருவரை ‘இன்று ஒரு நாள் மட்டும்’ என்று பேருந்தில் ஏற்றி உட்காரவைக்கும் அதிகாரி, அந்த ஒரு நாளுக்குரிய பொறுப்பு முழுவதையும் நிறுவனத்தின் தலையில் வைக்கிறார்.

விபத்து நடந்தால் செய்ய வேண்டியதை ஒரு தாளில் அச்சிட்டு டாஷ்போர்டில் வைத்திருப்பது போதும். அடிபட்டவரை முதலில் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். காவல் நிலையத்துக்கு இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத வேண்டும். சட்டத்தின் 134ஆம் பிரிவு கேட்பது இதைத்தான். அலுவலகத்தில் யார் கோபித்துக்கொள்வார்கள் என்ற யோசனை இதன் பிறகே வர வேண்டும்.

பராமரிப்பில் பெரிய பழுதுகளைவிடச் சிறிய பழுதுகளே வண்டியைக் கெடுக்கின்றன. இன்ஜின் மாற்ற வேண்டுமென்றால் கொட்டேஷன், எஸ்டிமேட், நிதி அலுவலரின் ஒப்புதல் என்று கோப்பு எப்படியோ நகர்ந்துவிடும். பஞ்சர், பல்பு, வைப்பர், ஃபேன் பெல்ட் போன்றவற்றுக்கு யாரும் கோப்பு தொடங்குவதில்லை. ஓட்டுநர் தன் சட்டைப் பையிலிருந்து கொடுத்துவிட்டு, ரசீதை லாக் புக் அட்டைக்குள் செருகி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பார். அடுத்த முறை அவர் ஸ்டெப்னியின் பஞ்சரை ஒட்டமாட்டார். அதன் விலை, பின்னொரு நாள் இரவில் வினாத்தாள் கட்டோடு வத்தலக்குண்டு தாண்டி நிற்கும்போது தெரியும். வாகனப் பிரிவுக்குச் சிறு தொகை முன்பணமாக நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று நான் குறிப்பு எழுதியதுண்டு. அது முறைகேட்டுக்கு வழிவகுக்கும் என்று பதில் வந்தது. ஸ்டெப்னி இல்லாத வண்டி எதற்கு வழிவகுக்கும் என்று திருப்பி எழுத எனக்குத் தகுதி இல்லை.

கொடைக்கானலுக்கு அனுப்பும் வண்டிக்குத் தனிக் கவனம் வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கியரைக் குறைத்து இன்ஜினின் இழுவையில் இறங்க வேண்டும். சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகிய ஓட்டுநரைப் ‘போய்விட்டு வந்துவிடுங்கள்’ என்று மலைக்கு அனுப்புவதும், பிரேக் பேடு பாராமல் அனுப்புவதும் ஒன்றுதான். ஏறி வரும் வண்டிக்கே வழிவிட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலும் இருக்கிறது.

பழைய வண்டிகளைப் பற்றி முன்போல இழுத்தடிக்க இப்போது இடமில்லை. அரசுகளுக்கும் அவற்றின் தன்னாட்சி அமைப்புகளுக்கும் சொந்தமான வாகனங்கள் பதினைந்து ஆண்டைக் கடந்தால் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அவற்றைப் பதிவுபெற்ற வாகன அழிப்பு மையத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். ஓடுகிறதே என்பது இனி வாதமாகாது. மாற்று வண்டி வாங்கப் பல்கலைக்கழக ஆட்சிக் குழுவான சிண்டிகேட்டின் ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி என்று எவ்வளவு காலம் ஆகும் என்பதை அறிந்தவர்கள், பதின்மூன்றாம் ஆண்டிலேயே கோப்பைத் திறந்துவிட வேண்டும்.

தேர்தல் காலத்தில் மாவட்ட நிர்வாகம் வண்டியைக் கேட்டு ஆணை அனுப்பும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 160ஆம் பிரிவு அதற்கு அதிகாரம் தருகிறது. மறுக்க முடியாது, ஆனால் ஒப்படைக்கும்போதும் திரும்பப் பெறும்போதும் மீட்டர் அளவை எழுதித் தேர்தல் அலுவலரிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். அந்த நாள்களில் லாக் புக் வெறுமையாக இருந்தால் பின்னால் யாரும் வந்து சாட்சி சொல்லமாட்டார்கள்.

விதிகளைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் இருந்திருந்தால் இரண்டு வரிகளை மட்டும் சேர்த்திருப்பேன். ஒன்று, வழி மாறிப் போனாலோ கூடுதலாக ஒருவரை ஏற்றினாலோ, அதைச் சொன்னவரே தம் கையால் லாக் புக்கில் எழுத வேண்டும். மற்றொன்று, பயணித்தவரின் கையெழுத்து அன்றே பெறப்படாத பயணம் நோட்டில் ஒன்று இருந்தாலும், அந்த வண்டிக்கு டீசல் நிரப்புவதற்கான அடுத்த இண்டென்ட் சீட்டு கிடையாது. துணைவேந்தரின் வண்டிக்கும் இது பொருந்தும்.