பணியாணைக்குப் பிறகு

கடலூரில் கட்டுமானப் பணிகளைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் நான் இருந்த ஆண்டுகளில், ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) திறக்கும் நாளன்று யாரும் விடுப்பு எடுக்க மாட்டோம். ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை குறித்த தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டுச் சட்டமும் 2000-ஆம் ஆண்டு விதிகளும் எங்களுக்கு மனப்பாடம். இரண்டு கோடி ரூபாய் வரையான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள் ஒப்பந்தப்புள்ளி கொடுக்க அவகாசம் தர வேண்டும் என்பதைப் புதிதாக வந்த இளநிலை உதவியாளர்கூடச் சொல்லிவிடுவார். தேர்வான ஒப்பந்ததாரருக்குப் பணியாணை வழங்கிய மறுநாளிலிருந்து அந்தக் கோப்பு யாருடைய பொறுப்பு என்று கேட்டால்தான் விடை வராது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த பின், சீரமைப்புப் பணிகள் ஒரே நேரத்தில் குவிந்தன. அவற்றுள் ஒரு வடிகால் பணியை நான் இன்னும் மறக்கவில்லை. ஆக்கிரமிப்பை அகற்றத் தாமதமானதால், ஒப்பந்ததாரரிடம் இடத்தை ஆறு வாரம் கழித்தே ஒப்படைத்தோம். ஆனால் ஒப்படைத்த தேதியைக் குறித்து ஒரு கடிதமும் எழுதவில்லை. அதன் பின் அவரே ஆட்களைக் குறைத்து நான்கு மாதம் இழுத்தடித்தார். தாமதத்துக்காக அவருடைய பில்லில் தண்டத்தொகை பிடிக்க முனைந்தபோது, முழுத் தாமதமும் எங்களால்தான் நேர்ந்தது என்று அவர் எழுதிக் கொடுத்தார். எங்கள் ஆறு வாரத்தையும் அவருடைய நான்கு மாதத்தையும் பிரித்துக் காட்ட, செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தில் இரண்டு பதிவுகளைத் தவிர வேறெதுவும் இல்லை. பொறுப்பிலிருந்த உதவிப் பொறியாளரோ அதற்குள் மாறுதலாகிப் போயிருந்தார். ஒரு ரூபாய்கூடப் பிடிக்க முடியவில்லை. அது மக்கள் பணம் என்பதால் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அதற்குப் பிறகுதான் எங்கள் கண்காணிப்பாளர் ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் ஒரு தேதித் தாளை வைக்கச் சொன்னார். இடம் ஒப்படைத்த நாள், கெடு முடியும் நாள், கால நீட்டிப்பு கேட்ட நாள், ஒப்பந்ததாரர் பிணையாகத் தந்த வங்கி உத்தரவாதம் காலாவதியாகும் நாள் ஆகியவை அதில் இருக்கும். ஒப்பந்தத்தில் இல்லாத கூடுதல் வேலைக்கு எப்படி விலை நிர்ணயிப்பது என்பதையும் அவரிடமே கற்றேன். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வகுப்புகள் ஒப்பந்தப்புள்ளியைத் திறப்பதோடு முடிந்துவிடும்.

எங்கள் ஊர் ஒப்பந்ததாரர்கள் சிலர் புதுச்சேரியிலும் வேலை எடுப்பார்கள். அங்கே மத்திய அரசின் பொது நிதி விதிகளையும் இங்கே நம் சட்டத்தையும் இருபது ஆண்டுகளாகக் கையாண்டு பழகியவருக்கு எதிரே, மூன்றாண்டில் மாறிப்போகும் ஓர் அலுவலரை உட்கார வைக்கிறோம். அந்த அலுவலரின் நேர்மையில் குறையில்லை, பழக்கம்தான் போதவில்லை. ஒப்பந்த மேலாண்மையைத் தனித் திறனாக மதித்து, அதற்கென்று சிலரைத் தேர்ந்து, தொடங்கிய பணி முடியும்வரை அவர்களை அந்த இருக்கையிலேயே விட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாறுதல் தவிர்க்க முடியாததானால், வருபவரும் போகிறவரும் இரண்டு வாரமாவது சேர்ந்து கோப்புகளைப் பார்க்க வேண்டும்.

ஓய்வு பெறுவதற்கு முன் என் இருக்கைக்கு வந்த பெண்ணுடன் நான் ஒன்பது நாள் அமர்ந்தேன். ஐந்தாம் நாள் அவர் தேதித் தாளைப் புரட்டி, "சார், இந்த உத்தரவாதம் வரும் வெள்ளியோடு முடிகிறதே, வங்கிக்கு எழுதிவிட்டோமா?" என்று கேட்டார். எழுதவில்லை. அன்று மாலையே எழுதினோம்.