கிணற்றுத் தண்ணீரில் மிதந்த பசளி இலை

ஒளித்தொகுப்பில் இலை ஒட்சிசன் விடுவதைக் காட்டும் இலை வட்டு மிதக்கும் பரிசோதனை உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துச் செய்து பார்த்தால் இன்னொரு விசயமும் வெளிக்கிறது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய சாமான் எதுவும் தேவையில்லை. திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய பசளி, பாமசியில் கிடைக்கும் சிரிஞ்ச் (ஊசி வேண்டாம்), கடதாசி துளைக்கும் பஞ்ச், அப்பச்சோடா, கோப்பை கழுவும் திரவம் ஒரு துளி. தடித்த நரம்பில்லாத இடமாகப் பார்த்து வட்டுகளை வெட்டி, கரைசலோடு சிரிஞ்சுக்குள் போட்டு, வாயை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை இழுத்தால் இலைக்குள் இருக்கிற காற்று வெளியே வரும், விட்டதும் அந்த இடத்தில் தண்ணீர் புகுந்து வட்டுகள் தாழும். பிறகு வெளிச்சம் பட்டால் ஒட்சிசன் சேரச் சேர ஒவ்வொன்றாக எழும்பும். சூடு ஏறினால் முடிவு மாறிவிடும் என்பதால் வெயிலைத் தவிர்த்து எல்இடி மின்குமிழின் கீழ் வைத்தேன்.

ஒரு கிளாசில், கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு போகக் கொதிக்கவைத்து மூடி ஆறவிட்ட மழைத்தண்ணீர், அடுத்ததில் அதே மழைத்தண்ணீரோடு ஒரு சிட்டிகை அப்பச்சோடா, மற்றதில் கொதிக்கவைக்காத கிணற்றுத் தண்ணீர். சோடா கிளாசில் கொஞ்ச நேரத்திலேயே வட்டுகள் வரிசையாக மேலே வந்தன. வெறும் மழைத்தண்ணீரில் இருந்தவை அடியிலேயே கிடந்தன. கிணற்றுத் தண்ணீரில் சோடா போடாமலே, மெதுவாக என்றாலும், எழும்பின!

காரணம் எங்கள் நிலம். சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருகிற தண்ணீரில் கல்சியம் இருகாபனேற்று கரைந்திருக்கிறது. கொதிக்கும்போது அது உடைந்து காபனீரொட்சைட்டாகப் போய்விட, மிஞ்சுகிற வெள்ளைப் படிவைத்தான் கேத்தலுக்குள் சுரண்டுகிறோம். அப்பச்சோடாவும் ஓர் இருகாபனேற்றுத்தான். அதிலிருந்து கிடைக்கும் காபனீரொட்சைட்டுத்தான் இலைக்குச் சாப்பாடு.

இனி என்னைப் பிடித்து உலுக்கிய கேள்வி. வெளிவருகிற ஒட்சிசன் தண்ணீரிலிருந்துதான் வருகிறது, காபனீரொட்சைட்டிலிருந்து அல்ல. 1941 இல் ரூபன், காமென் என்ற விஞ்ஞானிகள் ஒட்சிசன்-18 என்ற பாரமான ஒட்சிசனை வைத்து அதைக் காட்டினார்கள். அப்படியென்றால் மழைத்தண்ணீர் கிளாசில் தண்ணீரும் இருக்கிறது, வெளிச்சமும் இருக்கிறது, ஏன் ஒட்சிசன் வரவில்லை? தண்ணீரை உடைத்து எடுத்த இலத்திரனை வாங்கிக்கொள்ள என்.ஏ.டி.பி. என்ற இலத்திரன் காவும் மூலக்கூறு வேண்டும். அது இலத்திரனை வாங்கினால், கல்வின் வட்டத்தில் காபனீரொட்சைட்டைச் சீனியாக்குகிற வேலையில்தான் திருப்பிக் கொடுத்து வெறுமையாகும். காபனீரொட்சைட்டு இல்லையென்றால் வாங்க ஆளில்லை, வெளிச்சத்தில் தண்ணீரை உடைக்கிற ஒளித்தாக்கமும் தேங்கிப்போகும். இரண்டையும் தனித்தனியாகப் பாடமாக்கிய எனக்கு அந்த எழும்பாத வட்டுகள்தான் தொடர்பை விளங்கவைத்தன.

அடுத்தது ருபிஸ்கோ. காபனீரொட்சைட்டைப் பிடிக்கிற அதே நொதியம் ஒட்சிசனையும் பிடிக்கும், பிடித்தால் இரண்டு காபன் கொண்ட பொஸ்போகிளைக்கொலேற்று உண்டாகி, அதை மீட்கும் வழியில் ஏற்கெனவே பிடித்த காபனில் ஒரு பங்கு வெளியே போய்விடும். இப்போது காற்றில் காபனீரொட்சைட்டு மில்லியனில் 420 பங்குக்கு மேல். அது ஏறக்குறைய 50 க்கு இறங்கினால், 25 பாகை வெப்பத்தில் பயறு போன்ற, ருபிஸ்கோவாலேயே நேராகக் காபனீரொட்சைட்டைப் பிடிக்கிற சீ3 தாவரம் எடுப்பதும் இழப்பதும் சமமாகிவிடும். வெப்பம் கூடக்கூட இழப்பும் கூடும், சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள்.

சோளம் இதைத் தாண்டிய விதம் அருமை. அதன் முதல் நொதியம் பிடிப்பதே இருகாபனேற்றைத்தான், ஒட்சிசன் பக்கம் அது போவதில்லை. பிடித்ததை உள்ளே கொண்டுபோய் ருபிஸ்கோவைச் சுற்றிக் குவிக்கும்.

அதனால் இப்போது ஒரு பெரிய கண்ணாடிப் போத்தலில் பயற்றங்கன்றையும் சோளக்கன்றையும் சேர்த்து நட்டு, மூடியை மெழுகால் அடைத்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் பயறு மட்டும் உள்ள போத்தல் ஒன்றும் இருக்கிறது. சோளம் காபனீரொட்சைட்டை 50 க்கும் கீழே இழுத்துவிட்டால் முதல் போத்தலில் பயறு முந்தி மஞ்சளாக வேண்டும். இதுவரை இரண்டிலும் இலை பச்சைதான்.