விழக் கற்றுத் தரும் சுவர்

செயற்கைச் சுவரில் ஏறிப் பழகும் கிளைம்பிங் கூடத்தில் முதலில் கற்றுத் தருவது விழுவதை. சுவரைத் தொடுவதற்கு முன்பே மெத்தையில் நிற்க வைத்து, குதிக்கச் சொல்கிறார்கள். இரண்டு பாதங்களும் ஒன்றாகப் பட வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும், அந்த வேகத்திலேயே பின்னால் உட்கார்ந்து முதுகில் உருள வேண்டும். கைகள் மார்பின் குறுக்கே கட்டியிருக்க வேண்டும். “கையைப் பின்னால் ஊன்றாதீர்கள், அக்கா” என்று பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். இருபத்தைந்து வயது இருக்கும், வியாசர்பாடிப் பெண். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

நான் வேளச்சேரியில் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். மழைநாளில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தவர்களும் குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டிமார்களும் என்னிடம் நிறைய வருகிறார்கள். பலருக்கு முறிந்திருப்பது மணிக்கட்டு. விழும்போது கையை நீட்டித் தரையில் ஊன்றுவது உடம்பின் இயல்பு. முழு எடையும் வேகமும் அந்தச் சிறிய எலும்புகளில் இறங்க, மணிக்கட்டோ முழங்கையோ தோள்பட்டையோ சேதமாகிறது. பழக்கத்தால் இந்த இயல்பை மாற்றலாம் என்று படித்திருக்கிறேன். ஒரு கூட்டம் பேர் சிரித்துக்கொண்டே அதைப் பழகுவதை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

என்னை அங்கே அனுப்பியது ஒரு கல்லூரி மாணவனின் மோதிர விரல். விரலின் அடிப்பகுதி வீங்கி, கையை மூடவே முடியாமல் வந்தான். எப்படி ஆனது என்று கேட்டதற்கு, அரை அங்குல விளிம்பில் விரல் நுனிகளால் தொங்கிக்கொண்டிருந்தபோது என்றான். பெரும்பாலானோர் அறியாத செய்தி ஒன்று இதில் இருக்கிறது: விரலை மடக்கும் வலிமையான தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் விரல் நுனிவரை ஓடுகின்றன. தூண்டில் கோலில் இழையை ஒட்டிப் பிடித்திருக்கும் வளையங்களைப் போல, தசைநாணை எலும்போடு ஒட்டி வைத்திருக்கும் வளையங்கள் விரலில் உண்டு. விரலைக் கூர்மையாக மடக்கிச் சிறு விளிம்பில் தொங்கினால் அடிவிரல் வளையத்தில் பெரும் பளு விழும். கிளைம்பிங் செய்பவர்களுக்கு அடிக்கடி கிழிவது அதுதான். பாடத்தில் படித்த காயம், கையில் வந்து உட்கார்ந்திருந்தது. அந்த விளிம்பை நேரில் பார்க்காமல் வைத்தியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பெருங்குடியில் அவன் போகும் இடத்துக்கு ஒரு மாலை நானும் போனேன். பார்க்கப் போனவளை ஏற வைத்துவிட்டார்கள்.

பழைய கிடங்கு ஒன்றை மாற்றி அமைத்த கூடம் அது. உள்ளே நான்கு மீட்டர் உயரத்துக்கு ஒட்டுப்பலகைச் சுவர்கள். சில நேராக நிற்கின்றன, சில நம்மேல் சாய்ந்து வருகின்றன. மேலே மணல் கலந்த பெயின்ட் பூசியிருப்பதால் தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். தரை முழுவதும் ஓரடி கனத்துக்கு மெத்தை. சுவரில் திருகி வைத்த பிடிகளை ‘ஹோல்ட்’ என்கிறார்கள். வாளிக் கைப்பிடி அளவுக்குத் தாராளமாக அள்ளிப் பிடிக்கக்கூடியவை உண்டு, விரல் நுனி மட்டும் நிற்பவை உண்டு, உள்ளங்கையை அழுத்தி உராய்வால் மட்டுமே நிற்க வேண்டிய வழவழப்பான உருண்டைகளும் உண்டு. ஒரே நிறத்துப் பிடிகள் சேர்ந்தது ஒரு வழி. வழியின் கடினத்தை வி-0, வி-1 என்று எண்ணிட்டுக் குறிக்கிறார்கள். உலகின் மிகக் கடினமானவை வி-17 வரை போகின்றன. சில வாரங்களுக்கு ஒருமுறை பிடிகளைக் கழற்றிக் கழுவி, புது வழிகளை அமைக்கிறார்கள்.

சென்னையில் இந்த விளையாட்டுக்குக் கூடுதலாக ஓர் எதிரி உண்டு, வியர்வை. இங்குள்ள காற்றின் ஈரத்தில் உள்ளங்கை காய்வதே இல்லை. எல்லோரும் இடுப்பில் சிறு பை கட்டி, அதில் மக்னீசியம் கார்பனேட் தூள் வைத்திருக்கிறார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் பூசிக்கொள்ளும் அதே தூள். கணிதப் பேராசிரியரும் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவருமான ஜான் கில் என்ற அமெரிக்கர்தான் 1950களில் இதைப் பாறைக்குக் கொண்டுபோனார். ஏசி ஓடும் மாலை வேளையிலும் இரண்டு பிடிக்கு ஒருமுறை பையில் கை விட வேண்டியிருக்கிறது.

முதல்முறை வருபவர்கள் பெரும்பாலும் கையால் இழுத்தே ஏறப் பார்க்கிறார்கள். ஜிம்முக்குப் போய்ப் புஜம் வளர்த்த இளைஞர்கள் ஐந்தே நிமிடத்தில் முன்கை கல்லாக இறுகி இறங்கிவிடுகிறார்கள். தசை இறுகியே இருந்தால் ரத்தக் குழாய்கள் நெரிபடும், ரத்த ஓட்டம் குறையும், பிடி தானாகத் திறந்துகொள்ளும். கையை நீட்டி எலும்பில் தொங்க வேண்டும், காலால் தள்ள வேண்டும். கால் பெருவிரலின் உள்விளிம்பைப் பிடியில் வைத்து, இடுப்பைச் சுவரோடு ஒட்டி எழ வேண்டும். இது எனக்குச் சட்டென்று வந்தது. அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா உடன்குடிப் பக்கத்தில் பனை ஏறியவர். பதநீர்ப் பருவத்தில் காலையும் மாலையும் ஏறுவார். இரண்டு கால்களையும் தளைநார் இணைத்திருக்கும். மரத்தைக் கையால் அணைத்து, கால்களைச் சேர்த்து மேலே தூக்கி, பாதங்களால் தண்டை இறுக்கி, பிறகு உடம்பை நிமிர்த்துவார். கை அணைப்பதற்கு, கால் ஏறுவதற்கு. நெஞ்சில் மரம் உரசி உரசிக் காய்த்துப்போன தோல் இன்றும் அவருக்கு இருக்கிறது. சின்ன வயதில் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். என் கண் பழகியிருந்தது அவருடைய பாதங்களுக்குத்தான்.

டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் இந்த விளையாட்டு முதன்முதலாகச் சேர்ந்தது. பாரிஸ் 2024இல் இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ 15 மீட்டர் சுவரை 4.75 விநாடியில் ஏறித் தங்கம் வென்றார். அந்தக் காணொளியை அப்பாவுக்கு அனுப்பினேன். பதினைந்து மீட்டர் என்பது அவர் தினமும் ஏறிய உயரம். வேகத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “ஏம்மா, இடுப்பில் ஒரு கயிறு போகிறதே, அது எங்கே போகிறது?” என்று கேட்டார்.

போட்டியில் அந்தக் கயிற்றைத் தானாகச் சுருட்டும் கருவி ஒன்று சுவரின் உச்சியில் இருக்கும். எங்கள் கூடத்தில் மனிதர்கள் பிடிக்கிறார்கள். கூடத்தின் ஒரு மூலையில் உயரமான சுவர் இருக்கிறது, அதில் மெத்தையை நம்பி ஏற முடியாது. ஏறுபவரின் இடுப்புப் பட்டையில் எட்டு வடிவ முடிச்சு போட்ட கயிறு மேலே போய், உச்சியில் உள்ள வளையத்தில் புகுந்து, கீழே நிற்பவரிடம் இறங்குகிறது. கீழே நிற்பவர் செய்வதைத்தான் ‘பிலே’ என்கிறார்கள். அவர் பட்டையில் மாட்டியிருக்கும் சிறு கருவிக்குள் கயிறு வளைந்து ஓடும். மேலிருப்பவர் விழுந்து கயிறு வெடுக்கென்று இழுபட்டால் கருவி அதை நெரித்து நிறுத்தும். அப்படியும் கீழ்ப்பக்கக் கயிற்றைப் பிடித்த கை ஒரு நொடிகூட விலகக் கூடாது. இதில் எந்தச் சலுகையும் கிடையாது. பேசலாம், மேலே பார்க்கலாம், மூக்கு அரித்தால் மற்ற கையால் சொறியலாம், அந்தக் கை மட்டும் கயிற்றில் இருக்க வேண்டும். ஏறும் முன் ஏறுபவரின் முடிச்சைக் கீழே நிற்பவரும், கீழே நிற்பவரின் கருவியை ஏறுபவரும் தொட்டுப் பார்க்கிறார்கள். “ஆன் பிலே?” என்று கேட்டு, “பிலே ஆன்” என்று பதில் வந்த பிறகுதான் முதல் காலை வைக்கிறார்கள்.

என் கயிற்றை அன்று பிடித்தவன் அதற்கு முன் நான் பார்த்தே இராத ஒரு பையன், என் எடையில் முக்கால்வாசிதான் இருப்பான். கயிற்றின் உராய்வு போதும், பிடிக்க முடியும் என்றான். உச்சியைத் தொட்டபின் “கையை விட்டுவிட்டுப் பின்னால் உட்காருங்கள்” என்று கீழிருந்து குரல் வந்தது. பிடியை விட்டேன். கயிறு கொஞ்சம் நீண்டு இறுகி, என்னைத் தாங்கியது. உடம்பில் ஒவ்வொரு தசையும் வேண்டாம் என்று சொல்லும்போது கையைத் திறப்பது பெரிய செயல். எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்க நான் முயலவில்லை.

இதை அப்பாவிடம் சொன்னபோது, “தெரியாத பையனா பிடித்தான்?” என்று கேட்டார்.

“ஆமாம் அப்பா. அவன் கருவியை நான் பார்த்தேன், என் முடிச்சை அவன் பார்த்தான்.”

“அப்படி ஒருத்தன் இருந்திருந்தால் உன் மாமா நடமாடியிருப்பான்.”

மாமா என்றது பக்கத்து வீட்டுக்காரரை. ஒரு வைகாசியில் பாளை சீவிக்கொண்டிருந்தபோது மரத்திலிருந்து விழுந்து, முதுகெலும்பு முறிந்து, கடைசிவரை கட்டிலிலேயே கிடந்தார். பிசியோதெரபிதான் படிப்பேன் என்று பிளஸ் டூ முடித்ததும் நான் பிடிவாதமாக நின்றதற்கு அவர் ஒரு காரணம். பனையேறிகளுக்கு விழப் பழகும் வசதி எப்போதும் இருந்ததில்லை. அவர்கள் கற்றது முழுவதும் விழாமல் இருப்பதைத்தான். அந்தக் கல்வியின் மேல் எனக்கு அளவற்ற மதிப்பு இருக்கிறது. ஆனால் பட்டையும் கயிறும் மெத்தையும் விளையாடுபவர்களிடம் இருக்க, பிழைப்புக்காக ஏறுபவரிடம் நாரும் அரிவாளும் மட்டும் இருப்பதை நான் ஏற்கவில்லை.

கூடத்துக்குப் போக நினைக்கும் பெண்களுக்கு, குறிப்பாக என் வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தைகள். மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போங்கள். பிடியில் மாட்டிக்கொண்ட மோதிரம் விரலின் தோலையே உரித்தெடுத்துவிடும், மிகைப்படுத்தவில்லை. மெட்டியும் கழற்ற வேண்டும். கிளைம்பிங் காலணி விரல்களை இறுக்கிப் பிடிக்கும், மெட்டியோடு போட்டால் விரல் நசுங்கும். மெட்டியைக் கழற்றத் தயங்கி வாசலோடு திரும்பிய ஒருவரைப் பார்த்தேன், வருத்தமாக இருந்தது. ஒரு மணி நேரம் கழற்றி வைப்பதால் யாருக்கும் எதுவும் ஆகாது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். முதல் மாதங்களில் சிறு விளிம்புகளில் தொங்காதீர்கள். தசை சில வாரங்களில் வலுக்கும், தசைநாண் வலுக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் விரல்கள் கிழிகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழகியவர்கள் நிஜப் பாறைக்காக ஹம்பிக்கும் பாதாமிக்கும் ரயில் ஏறுகிறார்கள், நல்லதுதான். ஆனால் சென்னையில் பாறையே கிடையாது என்று அவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. பரங்கிமலையும் பல்லாவரமும் நிற்பது சார்னோகைட் பாறையில். கல்கத்தாவில் கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருந்த கல்லை ஆராய்ந்து 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. அந்தக் கல் போனது நம் ஊரிலிருந்து. விமான நிலையத்துக்கு எதிரே தினமும் கடந்துபோகிறோம்.

அப்பாவுக்கு ஓர் இடுப்புப் பட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். தைத்த மடிப்புகளை விரலால் நெருடிப் பார்த்து, நல்ல வேலைப்பாடு என்றார். பிறகு ஆட்சேபங்களை அடுக்கினார். பனைக்கு உச்சியில் வளையம் மாட்ட யார் முதலில் ஏறுவது? சரி, மரத்தைச் சுற்றிக் கயிறு போட்டு இடுப்பில் மாட்டினால், கருக்கு மட்டை அதை அறுக்காதா? மேலே போகப் போகத் தண்டு மெலியுமே, கயிற்றைச் சுருக்க ஒரு கை வேண்டுமே, அந்தக் கையை எங்கிருந்து எடுப்பது?

பயிற்சியாளரிடம் இவற்றை அப்படியே சொன்னேன். மரம் வெட்டுபவர்கள் பயன்படுத்தும், உள்ளே எஃகுக் கம்பி வைத்துப் பின்னிய கயிறு இருக்கிறது, அதைக் கருக்கு எளிதில் அறுக்காது என்றார். நீளத்தை ஒரு கையாலேயே கூட்டிக் குறைக்கும் பூட்டும் அதில் உண்டாம். தை பிறந்ததும், பருவம் சூடு பிடிக்கும் முன், அவரும் நானும் உடன்குடிக்குப் போகிறோம். இப்போதும் ஏறிக்கொண்டிருக்கும் இருவரை அப்பா பேசி வைத்திருக்கிறார். முதலில் ஆளுயரத்தில் கட்டி, பாளை சீவும் நிலையில் நின்று, அரிவாளோடு கயிற்றைச் சுருக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். முடியவில்லையென்றால் கயிற்றை மாற்றச் சொல்லுங்கள், ஏறும் முறையை மாற்றச் சொல்லாதீர்கள் என்று இப்போதே நிபந்தனை போட்டிருக்கிறார்.